விளக்கெண்ணெய் பூசிய பந்து

சென்னை,
3.7.1969

அன்புள்ள அக்காவுக்கு,

தேவசிகாமணி எழுதுகிறேன். நான் நலமாக இல்லை. உன் நலத்தை விசாரிக்கிற மனநிலையிலும் இல்லை. மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றி சூசைமாணிக்கம் மச்சான் உன்னிடம் என்ன சொன்னாரோ தெரியாது. நான் சொல்கிறேன். எங்கள் மில் டீமுக்கும், மச்சான் வேலை பார்க்கிற கப்பல் கம்பெனி டீமுக்கும் லீக்கின் கடைசி ஆட்டம். சமமாக முடிந்தாலே கோப்பை எங்களுக்கு. தூறலில்தான் ஆரம்பித்தார்கள். முதல் பாதியில் ஒரு பந்து நேராக என் நெஞ்சுக்கு வந்தது. மஞ்சக்குட்டையில் உன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற எந்தப் பிள்ளையும் அதைப் பிடித்திருக்கும். நானும் பிடித்தேன். பிடித்த பந்து கைகளுக்கு நடுவே வழுக்கி, காலிடுக்கில் நுழைந்து, கோலுக்குள் போய்விட்டது. இரண்டாம் பாதியில் மறுபடியும் அதே மாதிரி. கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு என்னென்ன பேசினார்கள் என்று உனக்கு எழுத முடியாது.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் கேப்டன் பந்தை எடுத்து மோந்து பார்த்தார். விளக்கெண்ணெய் வாசம். அன்றைக்குப் பந்து கொண்டுவருவது கப்பல் கம்பெனியின் முறை. அவர்களுடைய பந்து, பூட்ஸ், சட்டை எல்லாவற்றுக்கும் பொறுப்பு மச்சான். எஸ்டேட் டீமுக்குப் பந்து தைத்துக்கொண்டிருந்தவரை நான்தான் அவர்களுடைய செக்ரட்டரியிடம் அழைத்துப்போய் நிறுத்தினேன். அது உனக்கும் தெரியும்.

விசாரணை முடியும்வரை ஊரில் இருக்கச் சொல்லி அவரை அனுப்பிவிட்டார்களாம். என்னை மில்லில் பயிற்சிக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். நீ அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள். எனக்கு ஏன் இதைச் செய்தார்?

உன் தம்பி,
தேவசிகாமணி


மஞ்சக்குட்டை,
8.7.1969

அன்புத் தம்பி தேவசிகாமணிக்கு,

உன் கடிதம் வந்தபோது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். படித்துக் காட்டினேன். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

விளக்கெண்ணெய் என்று ஏதோ விஷத்தைக் கண்டுபிடித்தவன் போல எழுதியிருக்கிறாயே, நீ எந்த ஊரில் பந்து பிடிக்கக் கற்றாய்? நம் ஏற்காட்டு மலையில் மழைக்காலம் வந்துவிட்டால் பந்துக்கு எண்ணெய் பூசாத டீம் எது? பூசாவிட்டால் தோல் தண்ணீரைக் குடித்துக் கல் மாதிரி ஆகிவிடும், தலையால் முட்டுகிறவன் கழுத்து போய்விடும் என்று நீதானே எனக்குச் சொல்லியிருக்கிறாய். எண்ணெய் பூசி, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால், சூட்டிலும் புகையிலும் எண்ணெய் தோலுக்குள் இறங்கிவிடும். பிறகு கையில் ஒட்டாது. நம் வீட்டில் அப்பா காலத்திலிருந்து அடுப்புக்கு மேல் பந்து தொங்கியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நீ சாப்பிட்டாய்.

கேள்வி கேட்கச் சொன்னாய். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அத்தை இறந்ததற்கு நீ ஏன் வரவில்லை? என் மாமியார் என்பதை விட்டுவிடு. அப்பா போனபின் நீ ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் உனக்குச் சோறு போட்டவர். தந்தி கிடைத்ததா இல்லையா? குழி மூடுகிறவரை இவர் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்பமேரி


சென்னை,
12.7.1969

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி கிடைத்தது. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் யாருக்கும் லீவு இல்லை என்றார்கள். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. இதற்குமேல் என்னிடம் கேட்காதே.

இப்போது இங்கே நிலைமை வேறு. பந்தில் எண்ணெய் என்றதும், ஏமாற்றியது கப்பல் கம்பெனி, ஏமாந்தது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ விசாரணைக் கமிட்டியிடம், பந்து கொண்டுவந்தவனும் கோல்கீப்பரும் மச்சான் மைத்துனன் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். எண்ணெய் பூசியவர் அவர், நழுவவிட்டவன் நான், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஆட்டத்தை விற்றுவிட்டோம் என்கிறார்கள். மில் கேன்டீனில் என் மேசைக்கு ஒருவரும் வருவதில்லை. போன வாரம்வரை என் தட்டிலிருந்து மீன் எடுத்துச் சாப்பிட்டவர்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி விசாரணை. விற்றேன் என்று முடிவாகிவிட்டால் மில் வேலை போகும், இனி எந்த டீமும் சேர்க்காது. எனக்கு வேறு என்ன தெரியும்? பத்தாவதுகூட முடிக்கவில்லை.

எண்ணெய் நம் ஊர் வழக்கம் என்று நீ எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் வீட்டில் தொங்கிய பந்து வழுக்கியதே இல்லையே. இது வழுக்கியது. அதே பந்து அவர்களுடைய கோல்கீப்பர் சின்னத்தம்பி கையில் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டு நின்றது?

ஒரு விஷயம் இப்போது நினைவுக்கு வருகிறது. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் சின்னத்தம்பி இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளையாக எதையோ பூசிக்கொண்டிருந்தான். திருநீறு என்று நினைத்தேன். இடைவேளையிலும் பூசினான். இவனுக்கு இவ்வளவு பக்தியா என்று பக்கத்தில் நின்றவனிடம் கேலிகூடச் செய்தேன்.

தேவசிகாமணி


மஞ்சக்குட்டை,
17.7.1969

தம்பிக்கு,

மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். இங்கே மழை நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைகள் பாதிப் பேர். வந்தவர்களும் காலில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டே வாய்ப்பாடு சொல்கிறார்கள்.

பந்து ஏன் வழுக்கியது என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. கப்பல் கம்பெனிக்காரர்கள் இங்கே பயிற்சி முகாம் முடித்து மலை இறங்கியபோது, தையல் விட்ட பந்துகளைச் சரிசெய்து எடுத்து வரும்படி இவரிடம் விட்டுப்போனார்கள். தைத்து, எண்ணெய் பூசி, அடுப்புக்கு மேலே கட்டினார். அன்று இரவே அத்தை போய்விட்டார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு பற்றவைப்பார்களா? பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்விதான் எங்களுக்குக் கஞ்சியும் காப்பியும் கொண்டுவந்தாள். பந்துகள் குளிர்ந்த அடுப்புக்கு மேலே அப்படியே தொங்கின. வெயில் என்ற ஒன்றும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் தலை நிமிர்ந்து அவற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாருக்கு அதில் நினைப்பு இருக்கும்? மூன்றாம் நாள் அவற்றை அவிழ்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போகிற வழியெல்லாம் துடைத்தாராம். தொட்டுப் பார்த்த கையில் எண்ணெய் ஒட்டவில்லையாம். மழை பட்டதும் உள்ளே இறங்காத எண்ணெய் வெளியே வந்திருக்கிறது.

இதை அவரே சொன்னார். நான் நம்புகிறேன். அந்த அடுப்பு எத்தனை நாள் எரியவில்லை என்று எனக்குத் தெரியாதா?

சாம்பலைப் பற்றி மட்டும், அதாவது நீ திருநீறு என்று எழுதியதைப் பற்றி மட்டும், அவருக்கு இன்னும் படித்துக் காட்டவில்லை. எண்ணெய்ப் பாத்திரத்தை நான் எதைப் போட்டுக் கழுவுகிறேன் என்று யோசித்தேன். யோசித்த பிறகு படிக்க வாய் வரவில்லை. நீ அவசரப்பட்டு யாரிடமும் எதையும் சொல்லாதே.

இன்பமேரி


சென்னை,
21.7.1969

அக்காவுக்கு,

நீ யோசித்தது சரி. மைதானத்தின் கேட்டை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கிறது. நேற்றுப் போய்க் கேட்டேன். கடைக்காரர் மறைக்கவே இல்லை. "அந்த ஏற்காட்டு ஆளுதான்பா வந்து அடுப்புச் சாம்பல் கேட்டாரு. கொட்டாங்குச்சியில அள்ளிக் குடுத்தேன். பாத்திரம் கழுவத்தான் கேக்கறாருன்னு நெனச்சேன்" என்றார்.

பந்து தற்செயலாக வழுக்கியது என்று வைத்துக்கொள்வோம். சாவு வீடு, அடுப்பு எரியவில்லை, எல்லாம் சரி. ஆனால் வழுக்குகிறது என்று ஆட்டத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, தன் ஆளுக்குச் சாம்பல் கொடுத்திருக்கிறார். அந்தக் கோலுக்கும் இந்தக் கோலுக்கும் எவ்வளவு தூரம் அக்கா? அவரால் நடந்து வர முடியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

ஏமாற்றுவது என்றால் இதுதான். எண்ணெயில் ஒன்றும் இல்லை. டீக்கடைக்காரரைக் கமிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். அவர் உன் புருஷன் என்பதற்காக நான் ஆட்டத்தை விற்றவனாக இருக்க முடியாது. நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

தேவசிகாமணி


மஞ்சக்குட்டை,
27.7.1969

தம்பிக்கு,

பேசாமல் இருக்க எனக்கு யார் மிச்சம் இருக்கிறார்கள்? அத்தை இருந்தபோது உங்கள் இரண்டு பேரையும் திட்ட எனக்குத் துணைக்கு ஒரு ஆள் இருந்தது.

உன் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். சாம்பல் வந்த இடத்தில் நிறுத்தி, "இது நிசமாங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். நான் ஒன்றையும் சேர்க்கவில்லை.

"தூறல் போட்டதும் பந்தைத் தொட்டுப் பாத்தேன் மேரி. அயிரை மீனாட்டம் வழுக்குச்சு. மொதல்ல உன் தம்பிகிட்டத்தான் போனேன். நெசமாத்தான் சொல்றேன், சின்னத்தம்பிகிட்டப் போகலை, இவங்கிட்டத்தான் போனேன். கோலுகிட்ட நின்னவன் என்னையப் பாத்தான். பாத்துட்டு, வலையப் புடிச்சு இழுத்துகிட்டு முதுகக் காட்டி நின்னுகிட்டான். எங்கம்மா சாவுக்கு வராதவன், இப்ப என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்கறான்னு நெனச்சேன். திரும்பி வந்துட்டேன். வந்து எங்காளுக்குச் சாம்பல் குடுத்தேன்."

ரெஃப்ரீயிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்லியிருந்தா பந்தோட என்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்பாங்க" என்றார். அப்புறம், "சொல்லியிருக்கோணும்" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம்தான். எட்டடி தள்ளி நின்று கூப்பிட்டுச் சொல்ல வாய் இல்லையா? ஆனால் தம்பி, நீ அப்படித் திரும்பி நின்றாயா? இதற்கு மட்டும் எனக்கு உண்மை தெரிய வேண்டும். இல்லை என்று நீ எழுதினால், என் புருஷன் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டு மீதி நாளை ஓட்டுவேன்.

இன்பமேரி


சென்னை,
31.7.1969

அக்காவுக்கு,

திரும்பி நின்றேன்.

வலை சரியாகத்தான் கட்டியிருந்தது. அவர் மைதானத்தைச் சுற்றி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். மொட்டைத் தலையில் துண்டு கட்டியிருந்தார். அத்தைக்காக அடித்த மொட்டை. அத்தையைப் பற்றிக் கேட்கப்போகிறார், ஏன் வரவில்லை என்று கேட்கப்போகிறார், அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்து தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வலையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் போய்க்கொண்டிருந்தார். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வரவில்லை.

டீக்கடைக்காரரைக் கூப்பிடவில்லை. இதையும் கமிட்டியில் சொல்ல முடியாது. ஆட்டத்துக்கு முன் மச்சான் என்னிடம் வந்தார் என்று வாயைத் திறந்தால், பேசி வைத்ததற்கு வேறு சாட்சியே வேண்டாம் என்பார்கள். உண்மையைச் சொன்னாலும் இரண்டு பேரும் போவோம் போலிருக்கிறது. களைப்பாக இருக்கிறது அக்கா. மச்சானை வர வேண்டாம் என்று சொல். நடப்பது நடக்கட்டும்.

தேவசிகாமணி


மஞ்சக்குட்டை,
6.8.1969

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவர் அங்கே இருப்பார். இன்று காலை பஸ் ஏறி மலை இறங்கிவிட்டார். நான் தடுத்துப் பார்த்தேன். உன் கடிதத்தைக் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் வெக்கப்பட்டுத்தான் நின்னிருக்கான்" என்றார். இரவு சட்டையைத் துவைத்துப் போட்டார். இந்த மழையில் அது காயவில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஆட்டத்தில் ஜெயிப்பதற்காக வேண்டுமென்றே எண்ணெய் பூசினேன், மைத்துனனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லப்போகிறாராம். அப்படிச் சொன்னால்தான் நீ தப்பிப்பாயாம். "எனக்கு எஸ்டேட்ல காப்பிச் செடி கவாத்து வேலையாச்சும் கெடைக்கும். அவனுக்கு அந்தக் கோலு உட்டா வேற போக்கில்லை" என்றார்.

நான் உன்னிடம் என்ன கேட்பது? அவரைத் தடு என்றால் உன் பிழைப்பு போகிறது. தடுக்காதே என்றால், நாளைக்கு இந்த மலையில் ஏமாற்றுக்காரன் பெண்டாட்டி என்றுதான் என்னைச் சொல்வார்கள், பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி நான் எந்த வாயால் பாடம் நடத்துவது? இரண்டு பேரில் ஒருவரை எடு என்று யாரோ தராசை என் கையில் கொடுத்துவிட்டுப் போனது போல இருக்கிறது. எனக்கு எடுக்கத் தெரியவில்லை. நீயே பார்த்துச் செய். என்ன செய்தாலும் நான் கேட்க மாட்டேன். கேட்டாலும் பதில் சொல்லாதே.

வீட்டில் ஒரே ஒரு பந்து மிச்சம் இருந்தது. எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. இப்போது தொட்டால் கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

உன் அக்கா,
இன்பமேரி


சென்னை,
11.8.1969

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. மச்சான் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் வழியில் பிரிக்க மாட்டார்.

நேற்று விசாரணை. மச்சான்தான் முதலில். எழுந்து நின்று, "நாந்தானுங்க பூசுனேன். வேணுமின்னுதானுங்க பூசுனேன். எம் மச்சினனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றார். கமிட்டித் தலைவர் பொறுமையான மனிதர். எப்படிப் பூசினாய், விவரமாகச் சொல் என்றார். மச்சானுக்கு வேறு விதமாகப் பூசத் தெரியாதே. விளக்கெண்ணெய் எடுத்தது, தையலில் தேய்த்தது, அடுப்புக்கு மேல் தொங்கவிட்டது வரைக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே போனார். வழுக்குவதற்காகப் பூசியவன் எதற்காகக் காயவைத்தாய் என்று கேட்டார் தலைவர். மச்சான் முழித்தார். ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார்.

அங்கே திரும்பி நின்றுகொள்ள வலை இல்லை அக்கா. நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை இறந்தது, அடுப்பு எரியாதது, அவர் என்னிடம் நடந்து வந்தது, நான் முதுகைக் காட்டியது, அவர் போய்ச் சாம்பல் வாங்கியது. சாவுக்குப் போகாமல் இருந்ததற்கு மில் காரணம் இல்லை, மறுபடி கேட்காதது நான்தான் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நம்பினார்களா என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். எண்ணெய் தற்செயல், ஆனால் தெரிந்தும் சொல்லாமல் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாம்பல் கொடுத்தது ஏமாற்று. மச்சான் இனி எந்த டீமின் சாமானையும் தொடக்கூடாது. அது சரிதான் என்று அவரே சொல்கிறார். நான் ஆட்டத்தை விற்றதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். விற்கவில்லை என்று சொல்லவில்லை. மில்லில் அதற்குள் வேறு கோல்கீப்பர் வந்துவிட்டான். என்னை நூல் கட்டுகிற பகுதிக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் லீவு கேட்டேன். முதல் தடவை முடியாது என்றார்கள். இரண்டாவது தடவையும் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுதானா என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று இரவு மச்சான் என் அறையில்தான் படுத்தார். இரண்டு பேரும் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அத்தை கடைசியில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். சொன்னார்.

சனிக்கிழமை வருகிறேன். துக்கம் கேட்கத்தான் வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மச்சானோடு கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருவேன். துக்கம் கேட்க வந்தவன் கை நனைக்காமல் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அடுப்பு எரிவதைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கும் சேர்த்துச் சோறு வை.

உன் தம்பி,
தேவசிகாமணி